குதிரைக்கு மேல் ஒரு மூடி

வீணையின் குதிரையை யாரும் மூடி வைப்பதில்லை. தந்தியின் அதிர்வு குடத்துக்குள் இறங்கும் இடம் அது. வாசிப்பவர் கண்ணும் காதும் எப்போதும் அங்கேயே இருக்கும். வயலினிலும் அப்படித்தான். ஆனால் 1951இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் தயாரித்து விற்கத் தொடங்கிய பிரிசிஷன் பேஸ் என்ற மின் கிதார் வேறு மாதிரி இருந்தது. கெட்டியான மரப்பலகை, அதன் மேல் நான்கு தடித்த தந்திகள். குதிரை இருக்கும் இடத்தில் பளபளக்கும் முலாம் பூசிய வளைந்த தகட்டு மூடி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் மேல் இன்னொரு மூடி. ஒலி பிறக்கும் இடம், ஒலி மின்சாரமாகும் இடம் இரண்டுமே கண்ணுக்கு மறைவு. வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக அவற்றைக் கழற்றினார்கள். கழற்றிய குதிரை மூடியைக் கவிழ்த்து வைத்தால் சாம்பல் தட்டும் கிண்ணம் தயார். அதனாலேயே அதற்கு ‘ஆஷ்ட்ரே’ என்ற பெயர் நிலைத்தது என்பார்கள். இன்றோ அதே மூடிகளைக் காசு கொடுத்து வாங்கித் திரும்பப் பொருத்துகிறவர்கள் உண்டு. ஏன் பொருத்துகிறீர்கள் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும்: பார்க்க அழகு, இரைச்சல் குறையும், பழைய பாட்டுகளின் ஒலி கிடைக்கும். மூன்றாவது பதில் உண்மை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஆனால் அந்த உண்மைக்கான காரணம் பெரும்பாலோர் நினைப்பதுபோல் உலோகத்திலோ காந்தத்திலோ இல்லை. மூடி நம் கையை எங்கே நிறுத்துகிறது, தன் அடியில் எதை ஒட்டி வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் பிக்கப். தமிழில் அதிர்வேற்பி என்று சொல்லலாம். ஒரு காந்தம்; அதைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக. மேலே செல்லும் தந்தி எஃகு என்பதால் காந்தத்தின் அருகில் அதுவும் கொஞ்சம் காந்தமாகிறது. தந்தி ஆடும்போது கம்பிச்சுருளை ஊடுருவும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது; அப்படி மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டிவிட்டார். சைக்கிள் டைனமோவில் நடப்பதும் இதுதான். அங்கே சக்கரம் காந்தத்தைச் சுழற்றுகிறது, இங்கே தந்தி காந்தப்புலத்தை அசைக்கிறது. சிக்கல் என்னவென்றால், கம்பிச்சுருளுக்குத் தந்தியையும் மற்றதையும் பிரித்தறியத் தெரியாது. அறையில் உள்ள மின்மாற்றி, மின்விசிறி மோட்டார், சுவருக்குள் ஓடும் வயர் எல்லாம் நொடிக்கு 50 முறை மாறும் புலங்களைப் பரப்புகின்றன. அவையும் சுருளுக்குள் புகுந்து ஒலிபெருக்கியில் ‘ஊம்’ என்ற முனகலாக வெளிவருகின்றன. சாதாரணக் கிதாரைவிட பேஸ் கிதாருக்கு இது பெரிய தலைவலி. பேஸின் மிகத் தடித்த தந்தி திறந்த நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதே தந்தியின் மூன்றாவது மெட்டில் (ஃபிரெட்) விரல் வைத்தால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். நம் நாட்டு மின்சாரத்தின் முனகலோ 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதுவும் பேஸின் சுரங்களுக்கு நடுவிலேதான் விழுகிறது. அந்த அதிர்வெண்ணை வடிகட்டி முனகலை நீக்கப் பார்த்தால், வாசிக்கும் சுரமும் கூடவே போய்விடும். ஆகவே சுருளை உலோகத்தால் மூடினால் நல்லது என்ற எண்ணம் பிறப்பது இயல்பே.

உலோக மூடி முனகலைத் தடுக்குமா? இங்கே இரண்டு வெவ்வேறு எதிரிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: மின்புலம், காந்தப்புலம். 1836இல் ஃபாரடே உலோகத்தால் சூழப்பட்ட ஒரு கூண்டைச் செய்து, வெளியே எவ்வளவு மின்னேற்றம் பாய்ச்சினாலும் உள்ளே அதன் தாக்கம் தெரிவதில்லை என்று காட்டினார். லிஃப்டின் கதவு மூடியதும் கைபேசி சிக்னல் விழுவதற்கு அடிப்படையும் அதுவே. ஆகவே மின்புலத்தைத் தடுக்க மெல்லிய உலோகத் தகடு போதும். தகட்டில் வந்து சேரும் மின்னேற்றம் ஓடிப்போக ஒரு வழி, அதாவது எர்த் இணைப்பு, இருந்தால் சரி. காந்தப்புலம் அப்படியல்ல. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் குண்டூசியைப் போட்டு, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். இடையில் தாம்பாளமே இல்லாததுபோல் ஊசி கூடவே நகரும். மாறாத காந்தப்புலம் செம்பையும் பித்தளையையும் தடையின்றிக் கடக்கும். வேகமாக மாறும் புலத்துக்குக் கொஞ்சம் தடை உண்டு. ஆனால் 50 ஹெர்ட்ஸ் என்பது வேகமே இல்லை: அந்த அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைக்கவே ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு வேண்டும். பேஸ் மூடியின் தகடு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், முனகும் காந்தப்புலத்துக்கு அது கொசுவலைக்குள் புகும் காற்றுபோலத்தான். எஃகால் செய்த மூடியாக இருந்தால் புலத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வளைக்கும். ஆனாலும் முன்னும் பின்னும் திறந்த வளைவு அது, அடியில் மரம். முழுக் காப்பு அதனால் ஆகாது.

எது மின்புலம், எது காந்தப்புலம் என்று எப்படித் தெரியும்? கருவி எதுவும் இல்லாமலே சோதிக்கலாம். பேஸை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் முனகல் பெருகி, இன்னொரு திசையில் அடங்கினால் அது காந்த வழி. சுருளின் முகம் புலத்தின் திசையோடு சேர்கிறதா விலகுகிறதா என்பதைப் பொறுத்த மாற்றம் அது. அடுத்து, தந்திகளைக் கையால் தொடுங்கள். கரகரவென்ற சத்தம் சட்டென்று குறைந்தால் அது மின்புல வழி. மனித உடல் அறையின் மின்புலத்தை ஏந்தி நிற்கும் ஒரு பெரிய ஆன்டெனா. தந்தி குதிரை வழியாக எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், தொட்டதும் உடலும் எர்த்தோடு சேர்ந்து அமைதியாகிறது. இந்தச் சோதனைகள் காட்டுவதை வரலாறும் உறுதிப்படுத்துகிறது. மூடியால் முனகலை நிறுத்த முடிந்திருந்தால் பிக்கப்பையே மாற்ற வேண்டிய தேவை இருந்திருக்காது. ஆனால் 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப் இரண்டு துண்டுகளாகப் பிளந்தது: ஒரு துண்டு இரண்டு தந்திகளுக்கு, மற்றது இரண்டு தந்திகளுக்கு. ஒன்றின் காந்தம் வடக்கு மேலாக இருந்தால் மற்றதில் தெற்கு மேல். கம்பி சுற்றிய திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. தந்தியின் ஒலி மட்டும் மிஞ்சுகிறது. காந்த வழி முனகலை உண்மையில் தீர்த்தது அந்தப் பிளவுதான். அப்போதும் மூடி அப்படியே தொடர்ந்தது. ஆக, அதற்கு வேறு வேலையும் இருந்திருக்க வேண்டும்.

மின்புலத்தையாவது மூடி தடுக்கிறதே என்று கேட்கலாம். தடுக்கும், ஒரு நிபந்தனையோடு. மூடியின் ஓரத்தில் நீண்டிருக்கும் காதுகள் மரத்தில் திருகப்படுகின்றன. மரமும் அதன் மேல் பூசிய வார்னிஷும் மின்சாரத்தைக் கடத்தா. குதிரையின் தகட்டைத் தொடாமல், எந்தக் கம்பியோடும் சேராமல் நிற்கும் மூடி அந்தரத்தில் தொங்கும் உலோகத் துண்டு. அதில் சேரும் மின்னேற்றத்துக்குப் போக வழியில்லை. அப்படிப்பட்ட மூடி காப்பாக வேலை செய்யாது. கை பட்டு எடுக்கும்போது சிறு டப் சத்தம்கூட எழலாம். மூடி போட்டும் இரைச்சல் குறையவில்லை என்று புலம்புவோர் பலரின் கதை இந்த விடுபட்ட எர்த் கம்பியில் முடிகிறது.

இப்போது எதிர்த் திசையிலிருந்து வரும் ஒரு வாதம். மூடி இரைச்சலைத் தடுக்காவிட்டாலும் ஒலியை மங்கடிக்கிறது; உலோகம் உயர்சுரங்களை விழுங்கிவிடுகிறது; பழைய பாட்டுகளின் மெத்தென்ற பேஸ் ஒலிக்குக் காரணம் அதுவே என்பார்கள். இதை எளிதில் தள்ள முடியாது, ஏனென்றால் இதன் அடியில் மெய்யான இயற்பியல் இருக்கிறது. வீட்டுச் சுவரில் இருந்த பழைய மின்மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டே இருக்குமே, அதைத் தள்ளுவதும் மாறும் காந்தப்புலம், அளவுக்கு மீறி ஓடாமல் பிடித்து நிறுத்துவதும் ஒரு காந்தம்தான். உலோகத்தை ஊடுருவும் காந்தப்புலம் மாறினால், உலோகத்துக்குள்ளேயே ஆற்றுச் சுழிபோல மின்னோட்டம் சுழலும். இதற்குப் பாடநூல் தரும் பெயர் சுழல் மின்னோட்டம். அந்தச் சுழி தன்னை எழுப்பிய மாற்றத்தையே எதிர்க்கும். மாற்றம் எவ்வளவு வேகமோ எதிர்ப்பும் அவ்வளவு. எனவே சுருளை ஒட்டி உலோகம் இருந்தால் முதலில் அடிபடுவது வேகமாக அதிரும் உயர்சுரங்களே. இதை நன்றாக அறிந்திருந்தவர் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர். 1955இல் அவர் காப்புரிமை கோரிய இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு உலோக உறை தேவைப்பட்டபோது, தேர்ந்தெடுத்தது நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று வழங்கும் உலோகக் கலவை. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். செம்பையும் பித்தளையையும்விட அதன் மின்தடை பல மடங்கு அதிகம். சுழி எளிதில் சுழலாது, உயர்சுரங்கள் தப்பிக்கும்.

ஆனால் கிப்சனின் உறையையும் ஃபெண்டரின் பேஸ் மூடியையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. அந்த உறை சுருளைச் சட்டைபோல் ஒட்டிச் சூழ்கிறது. தந்தி அதற்கு மேலே. பேஸ் மூடியோ தந்திக்கும் மேலே வளைந்து நிற்கும் பந்தல். சுருளுக்கும் அதற்கும் நடுவே தந்தியும் கணிசமான வெற்றிடமும் உண்டு. சிறு காந்தத்தின் செல்வாக்கு தொலைவு கூடக் கூட மிக வேகமாகச் சரிந்துவிடும். ஆணியை ஈர்க்கும் காந்தத்தை இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தாலே அது தெரியும். எனவே பந்தலில் எழும் சுழி மின்னோட்டம் மிகவும் பலவீனமானதாகவே இருக்க முடியும். இதைக் காதால் தீர்ப்பது கடினம், ஏனென்றால் விரலால் இரண்டு முறை ஒரே மாதிரி மீட்ட யாராலும் முடியாது. ஒலியியல் ஆய்வகங்களில் இதற்கு அழகான ஓர் உத்தி உண்டு. மிக மெல்லிய செம்புக் கம்பியைத் தந்தியைச் சுற்றிக் கொக்கிபோல் போட்டு, அது அறுந்துபோகும்வரை மெல்ல இழுப்பார்கள். ஒரே தடிமனான கம்பி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே விசையில்தான் அறும். ஆகவே தந்தி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடும். மூடியோடு ஒரு பதிவு, மூடியில்லாமல் ஒரு பதிவு, அதே புள்ளியில் அதே கம்பி. இப்படி ஒப்பிட்டால்தான் உலோகத்தின் பங்கு தனியாகத் தெரியும். விரலால் மீட்டி ‘மூடியைக் கழற்றினேன், ஒலி பளிச்சென்று மாறிவிட்டது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மூடியைக் கழற்றியதும் அவர் கை தானாகவே குதிரைப் பக்கம் நகர்ந்துவிட்டது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மூடியின் பெரிய வேலை அங்கேதான் இருக்கிறது. சிறுவர்கள் குதித்து விளையாடும் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுழற்றினால் ஒரே வளைவு. வேகமாக, தாளத்தோடு அசைத்தால் நடுவில் அசையாத ஒரு புள்ளியோடு இரண்டு வளைவுகள். இன்னும் வேகமாக அசைத்தால் மூன்று. மீட்டிய தந்தி இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆடுகிறது. ஒரே வளைவாக ஆடுவது அடிப்படைச் சுரம். இரண்டு, மூன்று, நான்கு வளைவுகளாக ஆடுபவை அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் அதிரும் சீரிசைகள். அசையாப் புள்ளிக்குப் பாடநூல் வைத்த பெயர் கணு. கரும்பின் கணு நினைவுக்கு வந்தால் நல்லதே, உருவம் பொருந்துகிறது. இந்தச் சீரிசைகள் எந்தெந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே ஓர் ஒலி மெத்தென்று இருக்கிறதா, உலோகக் கூர்மையோடு இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. 1800இல் இயற்பியலாளர் தாமஸ் யங் ஒரு விதியைச் சொன்னார்: தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியைக் கணுவாகக் கொண்ட சீரிசைகள் அந்த ஒலியில் இரா. காரணம் எளிது. மீட்டும் விரல் தந்தியை அந்த இடத்தில் இழுத்து விடுகிறது; அங்கே அசையவே கூடாத ஆட்டத்துக்கு அந்த இழுப்பால் உயிர்கொடுக்க முடியாது. தந்தியின் நடுவில் மீட்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் அத்தனையும் காணாமல் போகும். ஒலி உருண்டையாக, குழலோசைபோல் ஆகும். ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் ஐந்தாவதும் பத்தாவதும் போகும். குதிரைக்கு மிக அருகில் மீட்டினால் எந்த முக்கியமான சீரிசையின் கணுவும் அங்கே இராது. உயர்ந்த சீரிசைகள் எல்லாம் தூக்கலாக வரும், அடிப்படைச் சுரம் இளைக்கும்.

பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். குதிரை மூடி அந்த நீளத்தின் ஒரு கோடியை, பளிச்சென்ற ஒலி பிறக்கும் கோடியை, கைக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. பிக்கப் மூடி இன்னொரு பகுதியை மறைக்கிறது. இரண்டும் இருக்கும்போது வலக்கை விரலுக்கு மிஞ்சுவது இரண்டு மூடிகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியும், பிக்கப் மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள வெளியுமே. கை குதிரையிலிருந்து விலகிப்போகிறது. யங் விதிப்படி உயர்சுரங்கள் குறைகின்றன. மூடியின் உலோகம் ஒன்றும் செய்யவில்லை, வேலிபோல் நின்றது அவ்வளவுதான். இதற்கு இசை வரலாற்றில் இரண்டு முனைகளில் இரண்டு சாட்சிகள் உண்டு. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷன் பேஸின் மூடிகளைக் கழற்றவே இல்லை. ஒரே சுட்டுவிரலால் மீட்டிய அவர் ஒலி தடித்தது, குறுகியது, வட்டமானது. மறுமுனையில் பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ். ஃபெண்டர் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்கள். அதன் குதிரை மூடி பின்பக்கப் பிக்கப்பையும் சேர்த்தே மறைக்கும். பஸ்டோரியஸ் தம் மெட்டுகள் நீக்கிய ஜாஸ் பேஸில் அந்தப் பின்பக்கப் பிக்கப்புக்கு நேர்மேலே விரலை வைத்து மீட்டினார். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பத்தில் கேட்கும் அந்த உறுமலும் பாடும் கூர்மையும் மூடி இருந்தால் கைக்கே எட்டியிருக்காது.

யங் விதி எல்லாத் தந்திக்கும் பொருந்துமா என்று வீணை கேட்டுப் பழகிய காது ஐயப்படலாம். அந்த ஐயம் நியாயமானது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல் கல்கத்தாவிலிருந்து எழுதிய ஓர் ஆய்வுக் குறிப்பில், வீணையும் தம்புராவும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று காட்டினார். கணுவிலேயே மீட்டினாலும், இல்லாமல் போக வேண்டிய சீரிசை அங்கே கணீரென்று ஒலிக்கிறது. காரணம் குதிரையின் வடிவம். வீணையின் குதிரை அகன்று, மேற்புறம் மெல்ல வளைந்தது. தந்தி ஒரே கூரிய முனையிலிருந்து கிளம்பாமல், அந்த வளைவின் மேல் படிந்தும் விலகியும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் தந்தி குதிரையை உரசும் அந்த நொடியில், ஆற்றல் ஒரு சீரிசையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் நூலை ஜீவா என்பது பொருத்தமான பெயர். அந்த உரசலைச் சரியான இடத்தில் நிறுத்தி சீரிசைகளை உயிர்ப்பிப்பது அதுவே. பேஸ் கிதாரின் குதிரையில் தந்தி மெல்லிய திருகு உருளையின் மேல் ஒரே கோட்டில் அமர்கிறது, உரசலுக்கு இடமில்லை. ஆகவே அங்கே யங் விதி நன்றாகவே செல்லும். தந்தியை ஓங்கி அடித்து மெட்டுகளில் மோதவிட்டால் மட்டும் கணக்கு மாறும்.

தம்புராவின் நூலுக்கு நேர் எதிரான வேலையைச் செய்வது பேஸ் மூடியின் அடியில் ஒளிந்திருக்கிறது. பழைய பிரிசிஷன் பேஸின் குதிரை மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்கூரையில் ஒரு பஞ்சுரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். மூடியைத் திருகியதும் அது குதிரையை ஒட்டித் தந்திகளின் மேல் லேசாக அழுந்தும். 1951இல் பேஸ் என்றாலே நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மரக் கருவி. அதன் ஒலி ‘தும்’ என்று எழுந்து விரைவில் அடங்கும். மின் பேஸோ மணியடித்தாற்போல் நீண்டு ஒலித்தது. அந்த நீட்சியைக் குறைக்கவே பஞ்சு. அது வேலை செய்யும் விதம் நின்று ரசிக்க வேண்டியது. குதிரையிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளிப் பஞ்சு தொடுவதாகக் கொள்வோம். தந்தி ஒரே வளைவாக ஆடும்போது, அந்த இடத்தில் அதன் அசைவு நடுவில் உள்ள அசைவில் ஒன்பதில் ஒரு பங்குதான். பஞ்சுக்கு அங்கே உறிஞ்ச அதிகம் இல்லை. பத்தாவது சீரிசையிலோ வளைவுகள் குட்டைக் குட்டையானவை. அதே இடத்தில் அந்தச் சீரிசை தன் முழு வீச்சில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கும். பஞ்சு அதை உடனே விழுங்கிவிடும். ஆகவே குதிரையை ஒட்டிய பஞ்சு ஒலியை ஒரே சீராகக் குறைப்பதில்லை. உயர்சுரங்களை முதலில் எடுத்துவிட்டு, அடிப்படைச் சுரத்தைக் கொஞ்ச நேரம் வாழவிடுகிறது. அதே பஞ்சைத் தந்தியின் நடுப்பக்கம் நகர்த்தினால் அடிப்படைச் சுரமே செத்துப்போகும், வெறும் ‘டொக்’ மிஞ்சும். பஞ்சு எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு மென்மையானது என்பதைவிட முக்கியம்.

மூடியில் எது இன்றியமையாதது என்று லியோ ஃபெண்டரின் கைவேலையே சாட்சி சொல்கிறது என்பது என் கணிப்பு. முதல் ஜாஸ் பேஸ்களில் அவர் மூடியின் அடியில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி அடக்கியை வைத்தார். பின்னால் அது பஞ்சுக்கு வழிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து மியூசிக் மேன் நிறுவனத்தில் அவர் வடிவமைத்த ஸ்டிங்ரே பேஸ் 1976இல் வெளிவந்தபோது அதில் மூடியே இல்லை. ஆனால் குதிரையின் மேலேயே தந்திக்கு ஒன்றாகத் திருகி உயர்த்தித் தாழ்த்தும் அடக்கிகள் இருந்தன. மூடி போயிற்று, பஞ்சின் வேலை நிலைத்தது.

மூடியைப் பற்றிய இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஜேமர்சனின் ஒலிக்குப் பஞ்சும் கையும்தான் காரணம் என்றால், அவர் பயன்படுத்திய தட்டைச்சுற்றுத் தந்திகள் என்ன ஆயின? மேற்பரப்பு வழவழப்பாகச் சுற்றிய தடித்த தந்திகள் அவை. அவற்றை அவர் எளிதில் மாற்றுவதும் இல்லை. பழைய தந்தியில் விரல் அழுக்கும் வியர்வையும் ஏறினால் உயர்சுரம் தானாகவே மங்கும். உண்மைதான். இங்கே பல காரணங்கள் ஒரே திசையில் இழுக்கின்றன. ஒன்றை மட்டும் காட்டி ‘இதுவே’ என்று சொல்வது தவறு. பிரித்தறிய ஒரே வழி, மற்றவற்றை அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றுவது. புதுத் தந்தியோடு பஞ்சு, பஞ்சில்லாமல் புதுத் தந்தி, பஞ்சோடு மூடி, பஞ்சில்லாத மூடி என்று வரிசையாகப் பதிந்து கேட்டால், ஒவ்வொன்றின் பங்கும் தனித்தனியே தெரியவரும். இன்னொரு கேள்வி: அப்படியானால் மூடியே வேண்டாம், தந்திக்கு அடியில் ஒரு பஞ்சுத் துண்டைச் செருகினால் போதாதா? போதும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மூடி கூடுதலாகத் தருவது, பஞ்சு ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அதே அழுத்தத்தில் இருப்பதும், கை குதிரைப் பக்கம் போகாததும். விலையும் உண்டு: உள்ளங்கை ஓரத்தைக் குதிரையின் மேல் வைத்துத் தந்தியை அடக்கி வாசிக்கும் உத்தி போய்விடும், கட்டைவிரலால் அடித்தும் மற்ற விரல்களால் சுண்டியும் வாசிப்பவருக்குப் பிக்கப் மூடி இடைஞ்சல். மூடியைக் கழற்றியவர்கள் அறியாமையால் கழற்றவில்லை. அவர்களுக்கு வேண்டிய ஒலி வேலிக்கு அப்பால் இருந்தது.

இவ்வளவும் தெரிந்தபின் பொருத்துவது என்பது வெறும் நான்கைந்து திருகாணி வேலையாகத் தோன்றாது. முதலில் அடியில் உள்ள குதிரையைப் பார்க்க வேண்டும்: பின்னாளில் மாட்டிய கனத்த, உயர்ந்த குதிரை பழைய வடிவ மூடிக்குள் அடங்காது. தந்திகளை முழு இழுப்பில் வைத்தே மூடியை நிறுத்திப் பார்க்க வேண்டும். மிகத் தடித்த தந்தியிலிருந்து ஒரு சுவரும், மிக மெல்லிய தந்தியிலிருந்து மறுசுவரும் சம தூரத்தில் இருந்தால் நடுவில் இருக்கிறது. தடித்த தந்தியை ஓங்கி மீட்டும்போது பிக்கப் மூடியில் படக்கூடாது. பழைய பேஸ் என்றால் முந்தைய ஓட்டைகள் பெரும்பாலும் இருக்கும். ஆனால் இன்று கிடைக்கும் மூடிகளின் ஓட்டை இடைவெளி அவற்றோடு பொருந்தும் என்று நம்பிவிடாமல், கையில் உள்ள மூடியை வைத்தே குறிக்க வேண்டும். குறிக்கும் இடத்தில் காகித நாடா ஒட்டினால் வார்னிஷ் பிளக்காது. அடியில் பிக்கப்பின் குழியோ வயரோ இருக்கிறதா என்று பிக்கப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டே துளையிட வேண்டும். திருகாணியின் தண்டைவிட மெல்லிய துளை, வாயில் வார்னிஷை மட்டும் லேசாகக் குடைந்த பள்ளம், திருகாணியில் கொஞ்சம் மெழுகு. காய்ந்த கட்டை மரத்தில் திருகாணி தலை முறிந்தால் எடுப்பது பெரும்பாடு.

எர்த் இணைப்பை இந்தக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டும், திருகி முடித்தபின் மனம் வராது. குதிரைத் தகட்டின் ஓரத்திலிருந்து மூடியின் காது உட்காரும் இடம்வரை ஒட்டும் பக்கமும் மின்சாரம் கடத்தும் செம்பு நாடா ஒன்றை மூடிக்குள் மறையும்படி ஒட்டினால் குதிரை மூடி எர்த்தோடு சேர்ந்துவிடும். பிக்கப் மூடிக்கு, குழி வழியாக ஒரு மெல்லிய வயரைக் குமிழ்களின் எர்த்துக்குக் கொண்டுபோய் சால்டர் செய்யலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மூடியிலும் வைத்தால் ‘பீப்’ ஒலிக்க வேண்டும். முலாம் பூசிய காதுக்கு அடியில் தூசியோ வார்னிஷோ இருந்தால் ஒலிக்காது. அதிர்வுக்காகக் காதுக்கு அடியில் ஃபெல்ட் துண்டு வைப்பதும் நல்ல யோசனையே: மெல்லிய தகடு தனக்கென்று ஓர் அதிர்வெண் கொண்டது, குறிப்பிட்ட ஒரு சுரம் வாசிக்கும்போது மட்டும் கூடச் சேர்ந்து கிடுகிடுக்கும். ஆனால் ஃபெல்ட் மின்சாரத்தையும் தடுக்கும். ஒரு காதுக்கு ஃபெல்ட், மறு காதுக்குச் செம்பு நாடா என்று பிரித்துவிடலாம்.

கடைசியில் பஞ்சு. பழையதை விட்டுவைக்க வேண்டாம். ஆண்டுகள் போனால் அது பொடிந்து பிசுபிசுத்துத் தந்தியில் ஒட்டும். புதிய பட்டையைக் கொஞ்சம் உயரமாகவே வெட்டி ஒட்டி, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டே திறந்த தந்தியை மீட்டிப் பாருங்கள். சுருதி மேலே ஏறினால் பஞ்சு வெறுமனே தொடாமல் அழுத்துகிறது. ஒரு சீவு குறைக்க வேண்டும். ஒரு தந்தி நீண்டு ஒலித்து மற்றவை அடங்கினால் அந்தத் தந்தியின் உருளை தாழ்ந்திருக்கிறது. அங்கே பஞ்சில் ஒரு மெல்லிய அடுக்கு கூட்டலாம். நான்கு தந்தியும் ஒரே அளவு ‘தும்’ என்று எழுந்து, ஒரே நேரத்தில் அடங்கும் உயரம் வந்ததும் திருகாணியை இறுக்கிவிடலாம்.